ஜன்னல் இருந்த இடம்

செவ்வாய்க்கிழமை, ஸிங்கன்.
ஹோஹென்ட்வீல் குன்றின் கழுத்துவரை மூடுபனி.
ரைன்ஹில்ட் மவுரர் கூட்டத்தில் ஒரே வரிதான் சொன்னார்:
கிலோவுக்கு முப்பத்தேழு சென்ட் இறக்குங்கள்,
இல்லையென்றால் கதவு மறுபடி எஃகுக்குப் போகும்.

எஃகென்றால் கதவுக்கு ஏழு கிலோ கூடுதல்.
ஏறுகிற மேட்டிலெல்லாம்
நின்று கிளம்புகிற சிக்னலிலெல்லாம்
அந்த ஏழு கிலோவையும் இழுத்துக்கொண்டுதான் போகும் வண்டி.
சொல்ல வாயெடுத்தேன்.
திரையில் இரண்டு விலையும் பக்கம் பக்கமாக இருந்தன.
ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு.
வாயை மூடிக்கொண்டேன்.

கொள்முதல் விலை நம் கையில் இல்லை.
கூலியில் குறைக்கலாம் என்றார் ஒருவர்.
எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்தோம்.

இரவு ஷிப்டுக்குக் கீழே இறங்கினேன்.
காதை அடைத்திருந்தும்
அச்சு விழும்போதெல்லாம் கணுக்காலில் கேட்டது.
பதினாறு கிலோ தகடு உள்ளே போகிறது,
ஒன்பது கிலோ கதவு வெளியே வருகிறது.
மீதி?
மறுபடியும் ஏழு.

ஜன்னல்.
கண்ணாடி வரவேண்டிய இடத்தை
அச்சு அப்படியே வெட்டித் தள்ளுகிறது.
முனை மழுங்கிய நாற்கோணம்,
ஒரு கீறல் இல்லை, முகம் பார்க்கலாம்,
சரிவில் வழுக்கி இருட்டுக்குள் விழுகிறது.
நாளொன்றுக்கு நாலாயிரம்.
காற்றுக்கு விட்ட இடத்துக்கு
இத்தனை வருடமாகக் காசு கொடுத்திருக்கிறோம்.

அடியில் ஒரே பெல்ட்.
கதவின் வெளித்தோல் ஒரு கலவை, சிலிக்கான் சேர்ந்தது.
உள்தோல் வேறு, அதில் மெக்னீசியம் தூக்கல்.
மேலே தனித்தனியாக வந்தவை
கீழே ஒன்றாகப் புரள்கின்றன.
பாதி விலைக்கு அள்ளிப் போகிறார் வியாபாரி,
பேரீச்சம்பழம் கொடுக்காத குறை.
அவர் உருக்கி எஞ்சின் உறை வார்ப்பார்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பு.
பிரித்துக் கொடுத்தால்
உருட்டாலை அதையே மறுபடி தகடாக்கும்,
தாதுவிலிருந்து எடுக்கிற மின்சாரத்தில்
இருபதில் ஒரு பங்கு போதும்.

"நடுவில் ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான்"
என்றான் ஷெனோல் காராபுலுத், பராமரிப்புக்காரன்.
கதவு செய்கிற ஆலையில்
அந்த ஒரு கதவு இல்லை.

பிரிக்கும் இயந்திரத்துக்கு விலை கேட்டோம்:
இருபத்திரண்டு லட்சம் யூரோ,
பொருள் வந்து சேரப் பதினான்கு மாதம்.
ஷெனோல் சிரிக்கக்கூட இல்லை.
சனிக்கிழமை மாமியார் வீட்டு கராஜைத் திறந்து
பழைய மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தான்.
ஒரு பலகை, இரண்டு கீல்,
எந்த அச்சு ஓடுகிறதென்று சொல்ல ஒரு கம்பி.
பலகை இடப்பக்கம் சாய்ந்தால் வெளித்தோல்,
வலப்பக்கம் உள்தோல்.
முதல் இரவே ஒரு எஃகு போல்ட் விழுந்து மாட்டிக்கொண்டது.
ஒரு காந்தத்தையும் தொங்கவிட்டான்.

இருபத்தொன்பது சென்ட்.

பிறகு அந்த ஜன்னல் துண்டையே
மேசைமேல் போட்டுப் பென்சிலால் சுற்றிலும் வரைந்தேன்.
கீலுக்குப் பின்னால் வைக்கிற தாங்குதகடு
ஒரு ஜன்னலுக்குள் நாலு அடங்கியது,
சாய்த்துப் போட்டால் ஐந்து.
இன்னும் ஆறு சென்ட்.

மவுரர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.
"முப்பத்தைந்து" என்றார்.
அப்புறம், தலை நிமிராமல்,
"மீதி இரண்டு?"

மீதி இரண்டு பெல்ட்டிலா, மூடுபனியிலா,
மாமியாருக்கு வாங்கித் தரவேண்டிய புது மோட்டாரிலா,
எனக்குத் தெரியவில்லை.
வசந்தம்வரை கதவு அலுமினியமாகவே இருக்கும்.
அதற்குப் பிறகு மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
ஒரு கார் நின்றுகொண்டிருந்தது, எங்கள் கதவு.
உள்ளே ஒரு பழுப்பு நாய்
மூக்கால் கண்ணாடியை மங்கலாக்கி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது,
போன வாரம்
நான் கிலோ கணக்கில் விற்ற இடத்திலிருந்து.