பன்னிரண்டு போதும்

கோப்பின் பெயர் பாஸ்-ஏழு.
கிரேக்கத்தில் அவனுக்கு இரண்டு பெயர்:
தேவர்கள் பிரியாரியஸ் என்பார்கள்,
மனிதர்கள் வேறெதையோ.
லாஸ்பேட்டையில், இரண்டாம் மாடியில்,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
நாங்கள் வைத்த பெயர் கையன்.

நூறு கை. ஐம்பது தலை.
பெற்றவன் பார்த்தான், பயந்தான்,
வந்த வழியே திருப்பி
பூமியின் வயிற்றுக்குள்ளேயே திணித்தான்.
வலித்தது அவளுக்கு.
அதைக் கேம் கதையில் யாரும் எழுதவில்லை.

முகத்தில் பொய் சொல்லலாம்,
கையில் முடியாது.
ஒரே கையை நூறு தடவை நகலெடுத்தால்
புடலங்காய்ப் பந்தல்.
போனை எடுத்துக்கொண்டு கை தேடிப் போனேன்.

கடலூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டரின் இடது:
பத்தும் இருபதும் ஐம்பதும்
நீளவாக்கில் மடிந்து விரலிடுக்கில் நிற்க
நகம் மட்டும் டிக்கெட் கிழிக்கும்.
குடிகாட்டுக் கலியவரதனின் இரண்டும்:
சிப்காட்டில் டிரம் உருட்டி உருட்டி
ரேகை போய்விட்டது.
ரேஷன் கடை மெஷின்
மாதாமாதம் அவரை அவர் இல்லை என்கிறது.
பெரிய மார்க்கெட்டில் அஞ்சலாட்சியின் வலது:
கட்டைவிரல் நுனி இல்லை,
ஏதோ ஒரு வஞ்சிரத்தோடு
யார் வீட்டுக் குழம்புக்கோ போயிருக்கும்.

"கைக்கு எவ்ளோ?" என்றாள்.
இருநூறு கொடுத்தேன்.
"யாரு ஒடம்புல ஒட்டப் போற?"

எழுபத்து மூன்று கை முடிந்தபோது மெயில் வந்தது.
தலை ஒன்று போதும், வாயசைப்புக்குச் செலவு.
கை பன்னிரண்டு போதும்.
ஜெரார் சிரித்தான்:
"பன்னெண்டு வச்சா நம்ம ஊர்ல
காவடி எடுத்துடுவாங்கடா."
அடுத்த வரி: இன்னும் கொடூரமாக வேண்டும்.
தசை வேண்டும். நகம் வேண்டும்.
தேய்ந்ததும் உரிந்ததும் வேண்டாம்.

நான் செய்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை.
அழிக்க மனமில்லாமல்
ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர்,
அதற்குள் இன்னொன்று,
அதன் அடியில் போட்டு மூடினேன்.
மூடிய பிறகுதான் உறைத்தது
இதை முதலில் செய்தவன் யார் என்று.

இரவு மூன்று மணிக்கு டீயோடு
மீதிக் கதையை வாட்ச்மேன் தேசிங்கிடம் சொன்னேன்.
சண்டை வந்ததும் புது ராஜா
குழியைத் திறந்து கூப்பிட்டான்.
அண்ணன் தம்பி மூவர், முந்நூறு கை,
ஒரே வீச்சில் முந்நூறு பாறை.
ஜெயித்தார்கள்.
பழைய ஆட்களை அதே குழியில் அடைத்து
வாசலில் இவர்களை நிறுத்தினான்,
காவலுக்கு.

தேசிங்கு மில் கேட்டில் கல்லெறிந்து
இருபத்தொரு நாள் உள்ளே இருந்தவர்.
இப்போது கேட்டுக்கு இந்தப் பக்கம்
பிளாஸ்டிக் நாற்காலி.
டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:
"சம்பளம் எவ்ளோ குடுத்தான்?"

தெரியவில்லை.
எந்தக் கிரேக்கனும் எழுதி வைக்கவில்லை.

கேம் வெளியானது.
அக்கா மகன் பதினோரு வினாடியில் அவனைக் கொன்றான்.
விழும்போது பன்னிரண்டு கையும்
ஒரே மாதிரி விரிந்தன,
ஒரே மாதிரி மடங்கின.
"ஈசி பாஸ் மாமா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன்.
அஞ்சலாட்சி தராசைப் பிடித்தபடி,
"எங் கைய ஒட்டிட்டியா?"
"ம்."
"யாருக்கு?"
"ஒரு ராட்சசனுக்கு."
"சோத்துக் கையாவா?"
"ஆமா" என்றேன். பொய்.

"அப்போ அறை நல்லா வுழும்"
என்று சொல்லி
நுனியில்லாத விரலால் செவுளைத் தூக்கி
ஒரே வெட்டில் தலையைத் தனியாக வைத்தாள்.