பெருமூச்சுக்கு விசை இல்லை

அறைக்குள் ஏசி பதினெட்டில் ஓடுகிறது.
கட்டண உயர்வு விசாரணை, மூன்றாம் நாள்.
சொல்லப்பட்டதை மட்டும் அடிப்பது என் வேலை.
சிரிப்புக்கு அடைப்புக்குறி உண்டு,
பெருமூச்சுக்கு விசை இல்லை.

வெளியே பிரிட்ஜ்டவுனில் மழை.
மின் நிறுவனத்தின் வழக்கறிஞர் கம்பர்பாட்ச் எழுந்தார்.
எண்ணெய் எங்கள் தீவில் ஊறுவதில்லை, ஐயா.
வாங்கிய விலைக்கே தருகிறோம்,
ஒரு சென்ட்கூட மேலே வைப்பதில்லை.
கப்பல் கேட்ட காசை
பில் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே.
நல்ல வாக்கியம். பிழையின்றி அடித்தேன்.

அடுத்து ஒய்ஸ்டின்ஸ் மீன்சந்தை வெரோனா கிட்டன்ஸ்.
ஒரு வருடத்து பில்களைத்
தலைமுடி ரப்பரில் சுருட்டி வைத்திருந்தாள்.
உறைபெட்டி இரண்டு, உள்ளே பறவைக்கோலா.
அலைக்கு மேலே பறந்து திரிந்தது
இப்போது யூனிட் கணக்கில் கிடக்கிறது.

"மேல் வரியை ஏத்தணும்னா
மூணு நாள் உட்கார்ந்து என்னையும் கேக்கறீங்க.
அதுக்குக் கீழ இன்னொரு வரி,
எரிபொருள் சரிக்கட்டல்னு,
மாசாமாசம் தானா ஏறுதே
அதுக்கு எந்த ரூம்ல விசாரணை?"

ஆணையத் தலைவர் யியர்வுட்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அந்த வரி இன்றைய விவாதப் பொருளில் இல்லை, அம்மா.
அது ஒரு சூத்திரம்.

"அந்தச் சூத்திரம் எங்க குடியிருக்கு?
நானே போய்ப் பாத்துக்கறேன்."

(சிரிப்பு.)

"எண்ணெய் ஏறின மாசமே பில்லும் ஏறுது.
எண்ணெய் இறங்கினா ரெண்டு மாசம் ஆகுது, ஏன்?"

தொட்டியில் இருப்பது
பழைய விலைக்கு வாங்கிய எண்ணெய் என்றார் கம்பர்பாட்ச்.

"ஏறும்போது மட்டும்
தொட்டி காலியா இருக்குமோ?"

ஏசியின் சத்தம் கேட்டது.
விரல்கள் விசைமேல் நின்றன.
பதில்: இல்லை என்று அடிப்பதா,
பதில் இல்லை என்று அடிப்பதா?

ஏழு வாரம் கழித்து வந்த தீர்ப்பையும்
நான்தான் அடித்தேன், நாற்பத்தொரு பக்கம்.
கேட்ட உயர்வில் பாதி அனுமதி.
எரிபொருள் பாக்கியை மட்டும்
பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்து வசூலிக்கலாம்,
நுகர்வோருக்குச் சுமை தெரியாதபடி.
தெரியாதபடி என்ற சொல்லில்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

சனிக்கிழமை ஒய்ஸ்டின்ஸ் போனேன்.
வெரோனா முள்ளை உருவிக்கொண்டிருந்தாள்.
"பன்னெண்டு துண்டு போட்டாலும்
தராசு ஒரே எடைதான் காட்டும்" என்றாள்,
என்னிடமா, கத்தியிடமா தெரியவில்லை.

பலகையில் சாக்பீஸ் விலை:
கோலா, பத்து மீனுக்கு இவ்வளவு.
அதற்குக் கீழே
குனிந்தால் மட்டும் தெரியும் எழுத்தில்
குளிர் சரிக்கட்டல், ஒரு டாலர் நாற்பது.

இதற்கு எப்போது விசாரணை நடந்தது என்றேன்.

செதில் ஒட்டிய கையைத் துடைக்காமலே
காசை வாங்கிக்கொண்டாள்.
"நடந்துச்சே.
நீதானே உட்கார்ந்து டைப் அடிச்சே."