திரும்பு நடை

செருப்பைக் கழற்றி ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டு
அப்படியே நின்றுகொண்டிருந்தார் தணிகாசலம்.
உட்காருங்கள் என்றேன்.
"நின்னே பழக்கம்மா. இருபத்தாறு வருஷம்."
அதுவும் சரிதான்.
இந்தச் சோதனைக்கு நின்றுதான் ஆகவேண்டும்.

காட்பாடியிலிருந்து பாகாயம்,
பாகாயத்திலிருந்து காட்பாடி.
காக்கிப் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்.
இடது கெண்டைக்காலில்
முறுக்கிப் பிழிந்து மறந்துபோன துணிபோல நரம்பு.
கணுக்காலைச் சுற்றித் தோல்
வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

ஜெல் பட்டதும் காலை இழுத்துக்கொண்டார்.
வேலூரில் மே மாதம் எதுவும்
முன்னறிவிப்பில்லாமல் சில்லென்று இருப்பதில்லை.

திரையில் நீலம் வந்தது.
"இன்னாமா, என் ரத்தம் நீலமா?"
ரத்தம் எப்போதும் சிவப்புதான்.
திரும்பி வரும்போது கொஞ்சம் கருத்திருக்கும், அவ்வளவே.
இந்த மெஷினுக்கு நீலம் ஒரு நிறமில்லை,
ஒரு திசை.
மேலே போனால் நீலம், கீழே வந்தால் சிவப்பு.
"ஓ, போர்டைத் திருப்பிப் போடற மாதிரி."

இதயத்துக்குத் தள்ளத் தெரியும்.
கூப்பிடத் தெரியாது,
தெரியாது என்றே சொல்லிவிடலாம்.
பாதம்வரை ஓடிவந்த வேகமெல்லாம்
மயிரிழைக் குழாய்களில் செலவாகிவிட
பஸ் காசு தொலைத்த பிள்ளையாய் நிற்கிறது ரத்தம்.
இனி யாராவது ஏற்றிவிட வேண்டும்.
நடந்தால் கெண்டைச்சதை பிழிந்து ஏற்றும்.
மூச்சை இழுத்தால் நெஞ்சு கொஞ்சம் இடம் தரும்.
வழிநெடுக, இமையைவிட மெல்லிய கதவுகள்.
ஏறினதை இறங்கவிடாத கதவுகள்.

கெண்டையை அழுத்தினேன்.
நீலம் ஏறியது.
விட்டேன்.
இப்போது மூட வேண்டும்.

மூடவில்லை.
டிப்போவில் டியூப் வால்வு பிடுங்கின சத்தத்தோடு
ஸ்பீக்கரில் இறங்கியது சிவப்பு.
அரை நொடிவரை மன்னிப்பு உண்டு.
இவருக்கு மூன்று நொடி.

கதவு கெட்டுப்போச்சு, ஏறினது பாதியில் திரும்பிடுது
என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்.
ரொம்ப நேரம் தன் காலையே பார்த்தார்.
"அது என் வேலைதானம்மா" என்றார்.
"படியில நிக்காத, உள்ள போ, உள்ள போன்னு
நாள் பூரா கத்தறவனுக்கு
உள்ளயே ஒருத்தன் படியில நிக்கறான்."

பிரிண்ட் எடுக்கத் திரும்பினேன்.
முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு.
"விருதம்பட்டு!"
யாரை?
"உங்களத்தான். முகம் எனக்கு நிக்காது.
ஜனங்களை முதுகுலதான் தெரியும்.
ஏழு நாப்பது. பச்சைப் பை.
எத்தினி தடவை சொன்னாலும் படியிலயே நிப்பீங்க."

பாலத்தில் காற்று வரும் என்பதற்காக நிற்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்,
பட்டை சாக்ஸ் எழுதுவார்கள், லேசரும் சொல்லலாம்,
பயப்பட ஒன்றுமில்லை, என்று மட்டும்.

ஒன்பது நாள் கழித்து, இரவு,
பாகாயத்திலிருந்து வரும் கடைசி நடை.
கல்கத்தாக் குடும்பம் ஒன்று எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தது.
முக்கால்வாசி சீட்டும் காலி.
அவர் உட்காரவில்லை.

கிரீன் சர்க்கிள் தாண்டிப் பாலாறு.
மேலே மணல், நிலா வெளிச்சத்தில் மணல்.
தண்ணீர் அடியில் போகிறது என்பார்கள்.
ஆற்றை நான் ஸ்கேன் செய்து பார்த்ததில்லை.

கம்பியைப் பிடித்தபடி கண்டக்டர்
குதிகாலைத் தூக்கினார், இறக்கினார்.
தூக்கினார்.
யாருக்கும் தெரியாமல், டிக்கெட் கணக்குப் பார்க்கிற முகத்தோடு.
ஒரு கரண்டி கருஞ்சிவப்பு
இந்நேரம் முழங்காலைத் தாண்டியிருக்கும்.

"உள்ள போங்க" என்றார், பார்க்காமலே.
உள்ளே முழு பஸ்ஸும் காலியாக இருந்தது.
போனேன்.