ஒன்பதாவது வரி

டிசம்பர் பத்து தாண்டினால் நூற்றுக்குப் பத்து அபராதம்.
ஆகவே ஒன்பதாம் தேதி
ஹெமெட் ஊரில் பாதி
என் கவுண்ட்டருக்கு முன்னால் நிற்கிறது.

டோக்கன் எழுபத்தொன்று, ஒஃபீலியா பராகான்.
நாலாய் மடித்த வரிச்சீட்டைப் பிரித்து
கண்ணாடிக்கு அடியில் தள்ளுகிறாள்.
ஒன்பதாவது வரியில் விரல்.
"இது என்ன?"
போன வருடமும் கேட்டாள்.

பள்ளிக்கூடப் பத்திரம், தெரியும்.
வெள்ளத் தடுப்பு, தெரியும்,
மழையே இல்லை, போகட்டும்.
கொசு ஒழிப்பு, நாலு டாலர் பன்னிரண்டு காசு.
"இது?"
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

மின்சார, நீர்ச் சிக்கனம் என்று அச்சடித்திருக்கிறது.
அது உங்கள் ஜன்னல்கள் என்கிறேன்.
இரட்டைக் கண்ணாடி, ஏழு.
வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைக் கூரை.
புல்லைப் பிடுங்கிவிட்டுக் கொட்டிய சரளை,
அதற்குள் ஓடும் சொட்டுக்குழாய்.
இருபது வருடம். இது இரண்டு.

"டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான்.
கோழி கிளறின மாதிரி வந்தது. போதும் என்றான்.
வங்கிக்குப் போக வேண்டாம், முன்பணம் வேண்டாம்,
வரியோடு வரியாகப் போய்விடும் என்றான்."

பொய் சொல்லவில்லை அவன்.
வரியோடு வரியாகத்தான் போகிறது.

என் தெருவுக்கும் வந்தான், அதே நீலச் சட்டையில்.
என் சீட்டில் அது பதினோராவது.
இதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொல்லக்கூடாதென்று
விதி ஒன்றும் கிடையாது.
நான் சொல்வதில்லை.

"நாங்கள் செத்துப்போனால் யார் கட்டுவது?"
வீடு.
"வீடு கட்டுமா?"
கடன் உங்கள் பேரில் இல்லை, மண்ணின் பேரில்.
விற்றால் வாங்குகிறவரோடு போகும்,
அவருடைய வங்கி சம்மதித்தால்.

சம்மதிக்காது என்பது அவளுக்குத் தெரியும்.
மார்ச்சில் ஒரு குடும்பம் வந்து
சமையலறையைப் பார்த்தது, எலுமிச்சை மரத்தைப் பார்த்தது,
குழந்தைக்கு எந்த அறை என்றுகூடப் பேசி முடித்தது.
அடுத்த வாரம் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

சீட்டின் பின்பக்கம் பென்சில் கணக்கு.
மின்கட்டணம் குறைந்திருக்கிறது, தண்ணீர் பாதி.
வருடத்துக்கு மிச்சம் ஆயிரத்து அறுநூறு.
எப்படிக் கூட்டினாலும்
ஆயிரத்து இருநூறு சொச்சம் இடிக்கிறது.
மூன்று தரம் கூட்டியிருக்கிறாள்,
மூன்றாவதை அழித்து மறுபடி.

நான் முத்திரையை எடுக்கும்போது
கேட்காமலேயே சொல்கிறாள்:
ஹெரிபெர்த்தோவுக்குக் கிடங்கில் இரவு வேலை.
முன்பெல்லாம் செப்டம்பரில்
பகல் தூக்கம் குளியலறைத் தரையில்தான்,
நெஞ்சில் ஈரத்துண்டு.
இந்த வருடம் வெளியே நாற்பத்துநாலு டிகிரி,
அவன் கட்டிலில், மதியம் மூன்று வரை,
வாயைத் திறந்தபடி.
"கதவருகே நின்று பார்த்தேன்.
இதற்குத்தான் என்றால் சரி.
ஆனால் இவ்வளவா?"

வரிசை செருமுகிறது.
தபாலாபீஸ் பண ஆணைகள் மூன்று,
ஆறு டாலர் குறைகிறது.
கைப்பையின் அடியிலிருந்து
காசுகளைப் பொறுக்கி அடுக்குகிறாள்.
நான் எண்ணுகிறேன்.
முதல் பாதி. மறுபாதி ஏப்ரலில்.
எழுபத்திரண்டு.

அன்றிரவு வீட்டுக்கு வந்து
விளக்குப் போடாமல்
ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன்.
வெளியே புல்வெளி இருந்த இடத்தில் சரளையெல்லாம் பனி.
கை குளிரவில்லை.
நல்ல கண்ணாடிதான்.