சி-7

முதலில் வரைந்தது ஒரு கட்டம்.
ஆறு மீட்டருக்கு ஒரு கோடு.
கிழக்கு மேற்காக ஏ முதல் எஃப் வரை,
தெற்கு வடக்காக ஒன்று முதல் ஒன்பது.
கோடும் கோடும் வெட்டுகிற இடமெல்லாம் தூண்,
ஐம்பத்து நான்கு.
பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ
இப்படித்தான் தொடங்குவேன்.

பல்லாவரத்துச் செம்மண்
ஏற்கெனவே வேறொரு வரைபடம் வைத்திருந்தது.

தொல்லியலில் இருந்து வந்த பிரிசில்லா
அவளுடைய தாளை என் தாளின் மேல் விரித்தாள்.
சின்னச் சின்ன வட்டங்கள்
என் சதுரங்களுக்குள் உட்கார்ந்திருந்தன
அனுமதி கேட்காமல்.
கேட்க வேண்டியது நான் என்பது
கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"டி-4ல ஒரு தாழி. ரெண்டடி தள்ளிக்கோங்க.
பி-2 வெறும் ஓடு, பிரச்சினை இல்ல.
சி-7..."
பென்சிலைக் கீழே வைத்தாள்.

சி-7 ஒரு ஈமப்பேழை.
சுட்ட மண். நீளம் மூன்றடிக்கும் குறைவு.
குழந்தையா என்றேன்.
இருக்கலாம் என்றாள்.
எலும்பை மட்டும் பொறுக்கி வைத்த
பெரிய ஆளாகவும் இருக்கலாம் என்றாள்.
அந்த இரண்டாவது 'இருக்கலாம்' எனக்குப் பிடித்தது.

கமாலுதீன் கால்குலேட்டரைத் தட்டினார்.
"அந்தத் தூணை எடுத்தா பன்னெண்டு மீட்டர் தாண்டணும் மேடம்.
பீம் ஒன்றரை மீட்டர் ஆழம்.
கூரை கனக்கும். காசும் கனக்கும்."
மேலே ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது.
பல்லாவரத்தில் எந்த வாதமும்
அரை நிமிடம் நிற்கத்தான் வேண்டும்.

எழும்பூரில், ஏசி அறையில்,
அதிகாரி நியாயமாகத்தான் கேட்டார்:
"தோண்டி எடுத்துக் கண்ணாடிக்குள்ள வச்சிடலாமே?
மியூசியம்தானே கட்டறோம்?"

பதில் வரவில்லை.
லிஃப்டில் இறங்கும்போதும் வரவில்லை.
பார்க்கிங் டோக்கனுக்குச் சில்லறை தேடுகையில்
வந்ததுபோல் இருந்தது, போய்விட்டது.

ஐப்பசியில் தார்ப்பாய் கிழிந்தது.
இரவு பதினொன்றுக்குக் காவலாளி பொன்னுரங்கம் போன் செய்தார்:
"குழிக்குள்ள தண்ணி இறங்குதும்மா."
மோட்டார் வாடகைக்குக் கிடைக்கவில்லை.
வெள்ளிக்கிழமைச் சந்தையில் நூறு ரூபாய்க்கு வாங்கிய
இரண்டு பெயின்ட் டப்பாக்களோடு
முட்டிவரை சேற்றில் நின்று இறைத்தோம்.

டார்ச் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தேன்.
பேழைக்குக் கால்கள் இருந்தன.
இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு,
குட்டைக் கால்கள்,
பிசைந்து ஒட்டியவை. ஒன்று மட்டும் கோணல்.
வெள்ளம் அவற்றினூடே
பேசிக்கொண்டே போனது.
அடிவயிறு நனையவில்லை.

மூவாயிரம் ஆண்டுக்கு முன்னால்
இந்த ஊர் மழையைப் பற்றி
யாரோ யோசித்திருக்கிறார்கள்.
நாங்கள் வேளச்சேரியில் யோசிக்கவில்லை.

மறுநாள் கட்டத்தை அழித்தேன்.
தரை தளத்தை மேலே தூக்கினேன்.
மண் எங்கே இடம் விட்டிருக்கிறதோ
அங்கே ஒரு கால், அவ்வளவுதான்.
சில சாய்ந்து நின்றன, சில நெருங்கி நின்றன.
கமாலுதீன் பார்த்துவிட்டு
"இது கட்டடமா, மரவட்டையா?" என்றார்.
திட்டிக்கொண்டே கணக்குப் போட்டார்.
நான்கு நாள்.
நின்றது.

எண்களை மட்டும் மாற்றவில்லை,
மேஸ்திரிகளுக்குக் குழப்பம் வரும்.
"சி-7 பக்கம் ஜல்லி கொட்டாதே."
"சி-7கிட்ட டீ கேனை வைக்காதே."
ஒடிசாவில் இருந்து வந்த பையன்கள்கூட
அந்த இரண்டு எழுத்தைத் தமிழாக நினைத்து
சுற்றிப் போகிறார்கள்.

நேற்று தூண் அட்டவணையில் கையெழுத்திட்டேன்.
அளவு, கம்பி, அஸ்திவார ஆழம்
என்று ஐம்பத்து மூன்று வரிசை நிரம்பியிருந்தது.
ஒரு வரிசை காலி.
குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில்
'தூண் இல்லை' என்று எழுதப் போனேன்.
பொய்யில்லைதான், ஆனாலும் கை ஓடவில்லை.

ஜன்னல் வழியே துண்டைப் போட்டு
இடம் பிடித்தவர்கள்
பல்லவன் பஸ்ஸில் சொல்வார்களே,
அதை எழுதினேன்:

ஆள் இருக்கு.