இரண்டு நிறுத்தம் தாண்டி

ஜன்னலோரம் உட்கார்ந்தது என் தப்பு.
பக்கத்தில் வந்த ஆன்ட்டி
மடியில் கீரைப்பையும்
காதில் சீன நாடகமுமாய்க்
கண்ணை மூடிவிட்டார்.

எக்ஸ்கியூஸ் மீ.
அங் மோ கியோவிலிருந்தே அதை
நாக்கில் உருட்டிக்கொண்டு வந்தேன்.
மணியை யாரோ அழுத்தினார்கள்.
கதவு திறந்தது.
கதவு மூடியது.
சொல் மட்டும்
தண்ணீரில்லாமல் போட்ட மாத்திரையாய்
அங்கேயே.

என் புளோக் பின்னால் நகர்ந்துபோனது.
ஐந்தாவது மாடியில்,
மூங்கில் கம்பில் என் நீலச் சட்டை
மழையில் நனைந்தபடி
கையாட்டியது.

அடுத்த நிறுத்தத்திலும் முடியவில்லை.
அதற்கடுத்ததில் அவரே எழுந்தார்.
எனக்கும் இங்கேதான் வேலை என்பதுபோல்
பின்னாலேயே இறங்கினேன்.

மழை விட்டிருந்தது.
கால்வாயோரம் திரும்பி நடக்கையில்
விசாரணை தொடங்கியது, வழக்கம்போல.
மத்தியானம் லிஃப்டில்
பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன மெய் ஷானிடம்
'உனக்கும்' என்றது.
சித்தி மகன் கல்யாணத்தில்
கழிப்பறைக்குள் இருபது நிமிடம் நின்றது.
தொடக்கநிலை நான்கில்
என் பெயரிலேயே இருக்கும் ழ தடுக்கி
வகுப்பே சிரித்தது.
அரசுத் தரப்பும் நான், சாட்சியும் நான்,
நீதிபதி மட்டும் வேறு யாராகவா இருக்கப்போகிறார்?
ஒரு கோப்புகூடத் தொலைவதில்லை.

செருப்பு ஈரத்தில் கடித்தது.
கல்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்:
சுண்டுவிரலில் கொப்புளம்.

அதை நான் திட்டவில்லை.
மற்ற விரலெல்லாம் ஒழுங்காக இருக்க
உனக்கு மட்டும் என்ன என்று கேட்கவில்லை.
பையைத் துழாவிப் பிளாஸ்டர் எடுத்து
ஊதி, ஒட்டி,
சற்று நேரம் உள்ளங்கையால்
மூடிக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் ஏறியதிலிருந்து
நெஞ்சும்தான் கடிபட்டுக் கிடக்கிறது.
அதற்கு மட்டும் எதற்கு வழக்கு?

கால்வாயில் ஓர் உடும்பு
தலையைத் தூக்கியது, பார்த்தது,
பிடிக்கவில்லை போலும்,
மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது.
எனக்குச் சிரிப்பு வந்தது.

'சரி விடு, யாழரசி.
நடந்தே போவோம்.'

வாய்விட்டுத்தான் சொன்னேன்.
போவோம் என்ற அந்தப் பன்மை
எங்கிருந்து வந்ததென்று
தெரியவில்லை.

வீட்டுக்குப் பதினெட்டு நிமிடம்.
கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்தபோது
உள்ளே மூன்று பேர், ஒரு சைக்கிள்.
நீங்கள் போங்கள் என்று கைகாட்டிவிட்டு
அடுத்ததற்குக் காத்திருந்தேன்.

காத்திருந்தோம்.

மேலே போனதும்
அந்த நீலச் சட்டையை
மறுபடி பிழிந்து போடவேண்டும்.