காரணம்: அவசரம்

குப்பிழான் சங்கக் கந்தோரில்
கரண்ட் நின்ற மத்தியானம்
சுற்றறிக்கை வந்தது, மூன்று மொழியில்.
தமிழில் மட்டும் இரண்டு எழுத்துப் பிழை.
இனி முகாமுக்கு மரக்கறி
ஒரே ஆளிடம் கேட்டு வாங்க ஏலாதாம்.
ஆகக் குறைந்தது மூன்று விலைமனு.
ஒன்றோடு நிறுத்தினால்
ஏன் என்று எழுத வேணும்.
"அவசரம்" என்று மொட்டையாய் எழுதினால் செல்லாது;
அவசரம் எப்ப தொடங்கினது
எப்ப முடியும்
இரண்டு திகதியும் வேணும்.

அந்த வரியை
இரண்டாம் தரமும் வாசித்தேன்.

பதினொரு வருசமாய் உள்ளே போனது
ஒரே ஒரு லொறி.
சுன்னாகம் சிவபாதலிங்கத்தின் லொறி.
தம்புள்ளையில் ஏற்றின பூசணி
எங்கள் பூசணிக்கொடிகளுக்குத் தூசி அடித்துக்கொண்டு போய்
எங்கள் விலையில் ஒன்றரை மடங்குக்கு
வாசலில் கையெழுத்தாகும்.
அவர் கெட்ட மனிசன் இல்லை.
செத்தவீட்டுக்கு முதல் ஆளாய் வந்து
கதிரை இறக்குவார்.
விலை கேட்க வேறு ஆள் இல்லாத இடத்தில்
ஒரு விலை சொன்னார், அவ்வளவுதான்.

"இப்ப நாங்களும் போடலாம்"
பொருளாளர் யோகசீலன்
கல்குலேட்டரைச் சாரத்தில் துடைக்கிறார்.
கத்தரி, கரட், சின்ன வெங்காயம்,
பிணைப்பணம் ஐம்பதாயிரம்.
உறையை மூடிப் பெட்டியில் போட்டால்
பத்தரைக்கு எல்லார் முன்னாலும் திறப்பினம்,
விலையைச் சத்தமாய் வாசிப்பினம்.
நியாயம்தான்.
அப்படிச் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை.

படிவத்தின் நாலாம் பக்கம்,
பொருள் ஒப்படைக்கும் இடம்.
அச்சிலேயே இருந்தது:
சமையற்கூடம், இரண்டாம் வாசல்.
அதுக்குள்ளேதான் எங்கள் பதினாறு பரப்புச் செம்மண்.
செய்மதிப் படத்தைப் பெருப்பித்துத்
தம்பி ஒருக்கால் காட்டினவன்,
இந்தா கிணறு, இந்தா பலாமரம் என்று.
எனக்குத் தெரிந்தது ஒரு நீலத் தகரக் கூரை.

அதை எடுத்தபோதும்
கேட்டது ஒரே ஆள்தான்.
ஒற்றை விலைமனு,
விலை எழுதாத விலைமனு.
காரணம்: அவசரம்.
தொடங்கின திகதி எங்களிடம் இருக்கு,
காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பைக்குள்.
மற்றத் திகதியை
ஒருவரும் ஒருவரிடமும் கேட்கச் சொல்லி
ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை.
இது மரக்கறிக்கு மட்டும்.

"போக்குவரத்துச் செலவு என்ன போடுறது?"
சங்கத்தில் இருந்து வாசலுக்கு
இரண்டே முக்கால் கிலோமீற்றர்.
லாண்ட்மாஸ்டர் போதும் என்றேன்.
யாழ்ப்பாணம் பூராவும் தேடினாலும்
இதைவிடக் கிட்டடியில் ஒரு விலைமனுகாரர் அகப்படமாட்டார்,
அவர் சிரித்தார்,
பிறகு நிறுத்திவிட்டார்.

வெங்காயத்துக்கு ஒரு ரூபா குறைத்தேன்.
கத்தரிக்குக் குறைக்கவில்லை,
மருந்தடிச்ச காசாவது வரவேணும்.
கடைசிப் பக்கத்தில்
"வேறு குறிப்புகள்" என்று விட்டிருந்த இடத்தில்
ஒரு திகதி எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கோடு இழுத்து
அதுக்கங்கால வெறுமையாய் விட்டேன்.

"இதென்ன இது?"

முத்திரையை ஒட்டுங்கோ என்றேன்,
நாலு மணிக்குப் பெட்டியைப் பூட்டிப்போடுவினம்.